உங்களுக்குத் தெரியுமா? உறையும் தண்ணீர், உடையும் குழாய்!

கடுங்குளிர் ஊர்களில் குழாயைத் திறந்தால் சில காலைகளில் ஒரு சொட்டுகூட வராது. உள்ளே தண்ணீர் கல்லாகிக் கிடக்கும்! அடுத்து குழாய் பிளக்கும், வீடு குளமாகும். இதைத் தடுக்க உலகம் செய்யும் வேலைகளைத் தேடத் தேட அதிசயம்! அள்ளிக்கொண்டு வந்திருக்கிறோம். பிடியுங்கள், ஒவ்வொன்றாக!

தண்ணீருக்கு இத்தனை பலமா!

11 லிட்டர் தண்ணீரை உறைய வையுங்கள். 12 லிட்டர் ஐஸ் கிடைக்கும்! பருமன் சுமார் 9 சதவீதம் கூடிவிடும். குழாயின் உயிரை எடுப்பது அந்தக் கூடுதல் ஒரு லிட்டர்தான்!

பெரும்பாலான திரவங்கள் உறையும்போது சுருங்கும். தண்ணீர் தனி ரகம்! 4 டிகிரி செல்சியஸ் வரை ஒழுங்காகச் சுருங்கிக்கொண்டே வரும். அதற்குக் கீழே இறங்கினால் விரிய ஆரம்பித்துவிடும்!

மூடிய இடத்தில் மாட்டிக்கொண்ட தண்ணீர் மைனஸ் 22 டிகிரியில் உறையப் பார்க்கும்போது எழக்கூடிய அழுத்தம் எவ்வளவு? காற்றழுத்தத்தைப் போல 2,000 மடங்குக்கும் மேல்! உலகிலேயே ஆழமான மரியானா அகழியின் அடியில்கூட சுமார் 1,100 மடங்குதான்!

சாதாரண நாளில் ஒரு அமெரிக்க வீட்டுக் குழாய் தாங்கும் அழுத்தம்? சதுர அங்குலத்துக்கு 40 முதல் 80 பவுண்டு. மைனஸ் 22 டிகிரி ஐஸ் தரக்கூடியதோ 30,000 பவுண்டு! குழாய் என்ன செய்யும், பாவம்!

1667ஆம் ஆண்டு. டச்சு விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஒரு இரும்புத் துப்பாக்கிக் குழலில் தண்ணீரை நிரப்பி, இறுக மூடி, குளிரில் வைத்தார். குழலின் கனம் ஒரு விரல் பருமன். இரண்டு இடங்களில் வெடித்தது!

1784-85 குளிர்காலம், கனடாவின் கியூபெக். பிரிட்டிஷ் பீரங்கிப்படை மேஜர் எட்வர்ட் வில்லியம்ஸ் இரும்புக் குண்டுக்கூடுகளில் தண்ணீர் நிரப்பி, இரும்பு அடைப்பானைச் சுத்தியலால் அடித்து இறக்கி, வெளியே வைத்தார். வெடிமருந்து துளியும் இல்லை. அடைப்பான் பறந்த தூரம் 400 அடிக்கும் மேல்!

எங்கே உடைகிறது? இங்கேதான் ஆச்சரியம்!

ஐஸ் உருவான இடத்தில்தான் குழாய் உடையும் என்று நினைக்கிறீர்களா? பெரும்பாலும் இல்லை! ஐஸ் குழாயை அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்புக்கும் மூடிய குழாய்த் திருகுக்கும் நடுவே தண்ணீர் சிக்கிக்கொள்ளும். ஐஸ் வளர வளர அந்தத் தண்ணீரை நெருக்கும். பிளப்பது அந்த இடம்!

அதாவது குழாயை உடைப்பது ஐஸ் இல்லை. இன்னும் உறையாத தண்ணீர்! பல பேருக்குத் தெரியாத சங்கதி இது!

0 டிகிரி தொட்டதும் குழாய் உறைந்துவிடுமா? அதுவும் இல்லை! இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்துச் சொன்ன அபாயக் கோடு, வெளியே சுமார் மைனஸ் 7 டிகிரி!

அசையாமல் கிடக்கும் குழாய்த் தண்ணீர், 0 டிகிரிக்குக் கீழே போயும் பல சமயம் திரவமாகவே இருக்கும். மைனஸ் 4, மைனஸ் 5 வரைகூட! பிறகு திடீரென்று கிளை விட்டுப் பரவும் ஐஸ், கண்மூடித் திறப்பதற்குள்!

அந்தக் கிளை ஐஸ் குழாயின் வாயை அடைக்க முழுத் தண்ணீரும் உறைய வேண்டும் என்பதே இல்லை. மைனஸ் 4 டிகிரியில் இருந்த தண்ணீரில் சுமார் 5 சதவீதம் சட்டென்று ஐஸாகும். அதுவே ஓட்டத்தை நிறுத்தப் போதும்!

குளிர்நீர்க் குழாயைவிட வெந்நீர்க் குழாயே அதிகம் உடைவதாகப் பிளம்பர்கள் அடிக்கடி சொன்னதைக் கேட்டு, எஃப்.சி. பிரவுன் என்ற இயற்பியலாளர் ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதிவிட்டார். ஆண்டு 1916! வெளியிட்டது 'பிசிக்கல் ரிவ்யூ' என்ற புகழ்பெற்ற அறிவியல் இதழ்!

குழாய் இரவில் பிளக்கும். வீட்டுக்காரருக்கோ பகலில்தான் தெரியும்! ஐஸ் இருக்கும்வரை அதுவே அடைப்பானாக இருந்து தண்ணீரைத் தடுத்து நிற்கும். வெயில் வந்து ஐஸ் உருகியதும் வீட்டுக்குள் அருவி!

எட்டில் ஒரு அங்குல விரிசல். அவ்வளவுதான். அதன் வழியே ஒரே நாளில் சுமார் 950 லிட்டர் தண்ணீர் வெளியேறலாம்!

சொட்டட்டும், காசு போனால் போகட்டும்!

குளிர் ஊர்களின் பழைய வைத்தியம்: குழாயைக் கொஞ்சம் திறந்து விட்டுவிட்டுத் தூங்குவது! இதில் இரட்டை லாபம். ஓடும் தண்ணீர் கூடவே சூட்டைக் கொண்டுவரும். உள்ளே அடைத்தாலும் அழுத்தம் திறந்த வாய் வழியே தப்பிவிடும். உறைந்தாலும் உடையாது!

0 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரை ஐஸாக்க எவ்வளவு வெப்பத்தை எடுக்க வேண்டும் தெரியுமா? அதே தண்ணீரை 80 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்கு இறக்க எவ்வளவோ, அவ்வளவு! தண்ணீர் லேசில் தோற்காது!

எந்த அளவுக்குத் திறக்க வேண்டும்? தென்கொரியாவின் சோல் நகர நீர் நிர்வாகம் கணக்கே கொடுத்திருக்கிறது! மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால், ஒரு காகிதக் கோப்பை 45 விநாடியில் நிரம்ப வேண்டும். மைனஸ் 15க்குக் கீழே போனால் 33 விநாடியில்!

33 விநாடிக்கு ஒரு கோப்பை என்றால் 10 மணி நேர இரவுக்கு எத்தனை? போட்டுப் பார்த்தோம். 1,000 கோப்பைக்கும் மேல்! கீழே ஒரு தொட்டியை வைத்துப் பிடித்துக்கொண்டால் அவ்வளவும் துவைக்கவும் கழுவவும் ஆகும்!

சோலில் தண்ணீர் மீட்டர் உறைந்து வெடிப்பதற்கென்றே தனி எச்சரிக்கை உண்டு. அதுவும் 4 நிலைகளில்! மீட்டர்ப் பெட்டிக்குள் திணிக்கச் சொல்லும் பாதுகாப்புக் கவசம் என்ன தெரியுமா? பழைய துணி!

மண்ணுக்குள் ஒளிந்து தப்பிக்கும் குழாய்கள்!

குளிர் மண்ணுக்குள்ளும் இறங்கும்! அது இறங்கும் ஆழத்துக்குக் கீழே குழாயைப் பதித்தால் பிழைத்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் இந்த ஆழம் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். மின்னசோட்டா மாநிலத்தின் வடபகுதியில் வீட்டு அஸ்திவாரத்துக்கே 5 அடி ஆழம் கேட்கிறது கட்டட விதி!

பிரிட்டனில் இதற்குச் சட்டமே இருக்கிறது. வீட்டுக்கு வரும் குழாய் குறைந்தது 75 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும். 1999ஆம் ஆண்டு விதி!

பனி கொட்டினால் குழாய்க்கு ஆபத்து அதிகம் என்றுதானே நினைப்போம்? நேர்மாறு! தரையில் குவிந்த பனி கம்பளி மாதிரி மண்ணின் சூட்டைக் காக்கும். பனியைச் சுத்தமாக வழித்தெடுத்த சாலைக்கு அடியில்தான் குளிர் அதிக ஆழம் போகும்!

2014ஆம் ஆண்டு கனடாவின் வின்னிபெக் நகரம். 2,000க்கும் மேற்பட்ட வீடு, கடைகளுக்கு மண்ணுக்குள்ளேயே குழாய் உறைந்துபோனது. வசந்தம் வந்த பிறகும் உறைபனி கீழே இறங்கிக்கொண்டே இருந்தது!

அப்போது வின்னிபெக் மாநகராட்சி பல வீடுகளுக்கு இட்ட கட்டளை: 'ஒரு குழாயைப் பென்சில் பருமனுக்கு இரவும் பகலும் திறந்தே வையுங்கள்!' வாரக்கணக்கில் ஓடியது தண்ணீர்!

பின்லாந்தின் ஹெல்சின்கிக்குத் தண்ணீர் எப்படி வருகிறது? பூமிக்கடியில் பாறையைக் குடைந்த சுரங்கம் வழியே! நீளம் 120 கிலோமீட்டர். வேலை முடிந்தது 1982இல். மேலே பனி பொழியலாம், பாறைக்குள் அதற்கு என்ன வேலை!

மண்ணே ஐஸ் என்றால்?

ரஷ்யாவின் யாகுட்ஸ்க். ஜனவரியின் சராசரி வெப்பநிலையே மைனஸ் 40ஐ ஒட்டி! அங்கே மண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். ஆகவே குழாய்களை மண்ணில் புதைப்பதை விட்டு, கனமான உறை போர்த்தித் தரைக்கு மேலே கொண்டுபோகிறார்கள். சாலை குறுக்கிட்டால் குழாய் வளைவாக எழும்பித் தாண்டும்!

கனடாவின் இனுவிக் ஊரில் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒரே நீளப் பெட்டிக்குள் சேர்ந்து பயணிக்கின்றன! வீடு வீடாகப் போகும் அந்தப் பெட்டி நிற்பது தரைக்கு மேலே, கால்கள் மீது!

புதைத்தால் என்ன ஆகும்? குழாயின் சூட்டில் அடிமண் உருகும். உருகினால் மேலே இருக்கும் வீடே சாயும்! ஆக, குளிர் குழாயைக் கெடுக்கும், குழாய் மண்ணைக் கெடுக்கும். எப்படி மாட்டிக்கொண்டார்கள் பாருங்கள்!

அலாஸ்காவின் உட்கியாக்விக்கில் இன்னொரு வழி. உறைந்த மண்ணுக்குள் மைல் கணக்கில் சுரங்கம் தோண்டி, அதைக் கதகதப்பாக வைத்து, குழாய்களை உள்ளே ஓட விட்டிருக்கிறார்கள். பழுது பார்க்கும் ஆட்கள் உள்ளே நடந்தே போகலாம்!

கனடாவின் நுனவுட் பிரதேசத்தில் மொத்தம் 25 ஊர்கள். பெரும்பாலானவற்றில் தெருக்குழாய் என்பதே இல்லை! லாரி வரும், வீட்டுக்குள் இருக்கும் தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும். உறைவதற்குத் தெருவில் குழாய் இருந்தால்தானே!

தென் துருவத்தில் உள்ள அமுண்ட்சென்-ஸ்காட் நிலையத்துக்கு ஏது தண்ணீர்? பனிப்பாறைக்குள் ஆழத்தில் வெந்நீரை விட்டு ஒரு குளத்தையே உருக்கி வைத்திருக்கிறார்கள்! அதைச் சுழற்றிச் சுழற்றிச் சூடாக்கி மேலே எடுக்கிறார்கள். குடிப்பது பல நூறு ஆண்டுகளுக்கு முன் பொழிந்த பனியை!

நம் நாட்டிலும் உண்டு!

காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் 40 நாட்கள் 'சில்லை கலான்'. குளிரின் உச்சம்! ஸ்ரீநகரில் குழாய்கள் உறையும், தால் ஏரியின் மேற்பரப்பே உறையும். குழாயடியில் சின்னதாகத் தீ மூட்டித் தண்ணீரை வரவழைப்பார்கள்!

2021 ஜனவரியில் ஸ்ரீநகர் தொட்ட குளிர் மைனஸ் 8.4 டிகிரி! இலினாய் ஆய்வாளர்கள் சொன்ன அபாயக் கோட்டையும் தாண்டியாகிவிட்டது!

லடாக்கின் லே நகரில் குளிர்காலத்தில் பல குழாய்கள் வாய் மூடிக்கொள்ளும். கைகொடுப்பவை அடிபம்புகளும் டேங்கர் லாரிகளும்தான். ஊரே 11,500 அடி உயரத்தில்!

அதே லடாக்கில் தண்ணீரை வேண்டுமென்றே உறைய வைத்துக் காட்டினார் பொறியாளர் சோனம் வாங்சுக்! மேட்டு ஓடையிலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர், பள்ளத்தில் பம்பே இல்லாமல் பீய்ச்சி எழும்பி, காற்றில் உறைந்து கூம்பாக வளரும். வசந்தத்தில் உருகி வயலுக்குப் பாயும். குழாய்க்குள் உறைந்துவிட்டால் எல்லாம் பாழ். அதனால் குழாய் இருப்பது மண்ணுக்குள்!

ஊரே தவித்த நாட்கள்!

2021 பிப்ரவரி, அமெரிக்காவின் டெக்சாஸ். டாலஸில் குளிர் சுமார் மைனஸ் 19! மின்சாரம் போனது. வீடுகள் குளிர்ந்தன. குழாய்கள் வெடித்தன. குடிநீர்ச் சிக்கலில் மாட்டியவர்கள் 1 கோடியே 40 லட்சம் பேர்!

டெக்சாஸில் ஏன் அத்தனை குழாய்கள் உடைந்தன? வெயிலுக்காகக் கட்டிய வீடுகள்! பரணிலும் வெளிச்சுவருக்குள்ளும் குழாய் ஓடும். குளிர் முதலில் நுழையும் இடமே அதுதான்!

அதே மாதம் மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனில் குழாய்கள் உடைந்து, பல வீடுகளுக்கு வாரக்கணக்கில் தண்ணீர் இல்லை. ஒரு மாநிலத்தின் தலைநகருக்கே அந்தக் கதி!

2010 டிசம்பர், வட அயர்லாந்து. காசில்டெர்க்கில் மைனஸ் 18.7 டிகிரி! கிறிஸ்துமஸ் முடிந்து பனி உருகியதும் குழாய்கள் பீறிட்டன. சுமார் 40,000 வீடுகளுக்குத் தண்ணீர் நின்றது. பக்கத்து ஸ்காட்லாந்து அனுப்பிய பாட்டில் தண்ணீர் 1,60,000 லிட்டர்!

2016 ஜனவரி, ஜப்பானின் கியூஷு தீவு. அரிதாக வந்த குளிரில் குழாய்கள் பிளந்தன. ஆளில்லாத வீடுகளில் யாரும் பார்க்காமலே தண்ணீர் ஓடி, ஊர்த் தொட்டிகளைக் காலி செய்தது. ஓமுத்தா நகரம் முழுவதும் வறண்டது. தண்ணீர் லாரியோடு ராணுவமே வந்தது!

வீட்டுக்குள் என்னென்ன வித்தை!

ஜப்பானின் ஹொக்கைடோ வீடுகளில் ஒரு தனி வால்வு உண்டு. கடுங்குளிர் இரவில் படுக்கும் முன் அதைத் திருப்பினால், வீட்டுக் குழாய்களில் உள்ள தண்ணீர் முழுவதும் மண்ணுக்குள் வடிந்துவிடும். தண்ணீரே இல்லாத குழாயில் எது உறையும்!

குளிர்நாட்டுத் தோட்டக் குழாயைக் கவனித்திருக்கிறீர்களா? திருகு வெளியே, அடைப்பு வால்வோ ஒரு அடி வரை உள்ளே தள்ளி, வீட்டின் கதகதப்பில்! மூடியதும் வெளிப்பகுதித் தண்ணீர் தானே வடிந்துவிடும்!

அத்தனை கெட்டிக்காரக் குழாயையும் தோற்கடிக்க ஒரு ஹோஸ் பைப் போதும்! குளிர் வருமுன் ஹோஸைக் கழற்றாவிட்டால் தண்ணீர் வடிய வழியில்லை. உறையும், பிளக்கும்!

கனடாவின் ஸ்கார்பரோவில் வாழும் நம் தமிழர்களும் குளிர் தொடங்குமுன் தவறாமல் செய்யவேண்டிய வேலை இது: பேஸ்மென்ட்டில் உள்ள வால்வை மூடு, வெளிக்குழாயைத் திறந்து மிச்சத்தை வடி. வேலை முடிந்தது, சில நிமிடத்தில்!

குழாயைச் சுற்றிப் போர்த்தும் உறை சூடு தராது! இருக்கும் சூட்டைச் சீக்கிரம் போக விடாமல் தடுக்கும், அவ்வளவே. தண்ணீர் நாள்கணக்கில் அசையாமல் கிடந்தால் எத்தனை உறை போர்த்தினாலும் ஒருநாள் உறைந்தே தீரும்!

சுவரில் சின்ன ஓட்டை. மின்கம்பி நுழைந்த இடம். அதன் வழியே வீசும் குளிர்காற்று நேராகக் குழாயில் பட்டால் உறைந்துவிடலாம். அடைக்கத் தேவை ஒரு பிடி பூச்சுதான்!

சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவை இரவில் திறந்து வையுங்கள் என்கிறார்கள் அமெரிக்க நிபுணர்கள். அறையின் சூடு குழாயை எட்டும். செலவு? ஒரு பைசாகூட இல்லை!

பிரிட்டனில் பரண் தண்ணீர்த் தொட்டிக்கு மேலும் பக்கத்திலும் உறை போடுவார்கள். அடியில் மட்டும் போடக் கூடாது! கீழ் அறையிலிருந்து மேலேறும் சூடு தொட்டியைத் தொட வேண்டுமே!

குழாயோடு ஒட்டி ஓடும் மின் கம்பி ஒன்று உண்டு. குளிர் கூடினால் தானாகவே அதிகம் சூடாகும், குளிர் குறைந்தால் தானாகவே அடங்கும்! அந்தப் புத்தி இருப்பது கம்பிக்குள் உள்ள பிளாஸ்டிக்கில்!

'பெக்ஸ்' என்ற பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர் உறைந்தால் விரிந்து கொடுக்கும். உருகியதும் பழைய அளவுக்குத் திரும்பும்! இந்த வகையை 1968இல் தந்தவர் ஜெர்மானியர் தாமஸ் எங்கல். ஆனால் இணைப்புகள் உலோகம் என்றால் அவை உடையலாம், உஷார்!

குளிரில் பூட்டிப் போகும் வீடுகளின் கழிப்பறை வளைவில் இளஞ்சிவப்புத் திரவம் ஊற்றுவார்கள். அதில் இருப்பது புரோப்பிலீன் கிளைக்கால். உணவிலும் மருந்திலும் சேர்க்கப்படும் அதே பொருள்! காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்காலோ கொடிய விஷம். மறந்தும் மாற்றிவிடக் கூடாது!

வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போது ஹீட்டரை அணைத்துவிட்டால் சிக்கனமா? குழாய் உடைந்தால் எல்லாம் போச்சு! ஆளில்லாத வீட்டிலும் குறைந்தது 13 டிகிரி சூடு இருக்கட்டும் என்பதே அமெரிக்க அறிவுரை!

பிரிட்டன் வீட்டு பாய்லரிலிருந்து கழிவு நீர் சொட்டும் சின்னப் பிளாஸ்டிக் குழாய் வெளியே போகும். அது உறைந்தால் பாய்லரே நின்றுவிடும்! வீட்டுக்குச் சூடு மிக மிகத் தேவைப்படும் அந்த நாளில் போய்!

உறைந்துவிட்டதா? நில்லுங்கள்!

உறைந்த குழாயை உருக்கத் தீப்பந்தம் போன்ற கேஸ் டார்ச்சைப் பிடித்து, வீட்டையே கொளுத்திக்கொண்டவர்கள் உண்டு! சுவருக்குள் இருக்கும் மரம் சத்தமில்லாமல் பற்றிக்கொள்ளும். தீயணைப்புத் துறைகள் கெஞ்சிக் கேட்கின்றன, தீ வேண்டவே வேண்டாம்!

சரியான ஆயுதம் எது? தலைமுடி உலர்த்தும் ஹேர் டிரையர்! ஒன்று மட்டும்: தண்ணீர் தேங்கிய இடத்தில் நின்றுகொண்டு அதைப் பிடிக்கக் கூடாது. மின்சாரம் விளையாட்டில்லை!

எங்கிருந்து உருக்குவது? நடுவிலிருந்து இல்லை! முதலில் குழாயைத் திறந்து வையுங்கள். திறந்த வாய்ப் பக்கமிருந்து அடைப்பை நோக்கிப் போங்கள். உருகும் நீரும் நீராவியும் வெளியேற வழி வேண்டும்!

குழாய் உறைவதை வரமாக மாற்றிவிட்டார்கள் பிளம்பர்கள்! தண்ணீரை நிறுத்த முடியாத இடத்தில் குழாயின் மேல் திரவ நைட்ரஜனைச் செலுத்துவார்கள். உள்ளே ஐஸ் அடைப்பு! அந்த நேரத்துக்குள் பழுது பார்த்துவிடுவார்கள். நைட்ரஜனின் குளிர் மைனஸ் 196 டிகிரி!

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. குளிர் ஊரில் இருக்கிறீர்களா, உறவினர் இருக்கிறார்களா? வீட்டின் மெயின் வால்வு எங்கே என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். திருகிப் பாருங்கள், அசைகிறதா என்று! வீட்டில் எல்லோருக்கும் காட்டி வையுங்கள். குழாய் பிளந்த அந்த நொடியில் அதை மூடத் தெரிந்தவர் காப்பாற்றுவது, ஒரு நாளைக்கு 950 லிட்டர்!